கடலுக்கு அப்பால் கடல்நீர்: புகலிடத் தொட்டியில் பாசிவழித் தூய்மையின் வரலாறும் சென்னை மேற்குப் புறநகரும்

ஆய்வுச் சுருக்கம்

கடல்நீர் மீன்தொட்டியோடு இணைக்கப்படும் சிறு துணைத் தொட்டியில் பாசியை வளர்த்து, அதன்வழி நீரிலுள்ள நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய ஊட்டப்பொருள்களை அகற்றும் முறை இன்று ‘ரெஃபியூஜியம்’ என்னும் பெயரால் அறியப்படுகின்றது. இம்முறை பெரும்பாலும் மேலைநாட்டுப் பொழுதுபோக்கின் அண்மைக்காலக் கண்டுபிடிப்பாகவே பேசப்படுகின்றது. இதன் வளர்ச்சியை 19ஆம் நூற்றாண்டு இலண்டன் முதல் இன்றைய சென்னையின் மேற்குப் புறநகர் வரை காலவரிசையில் ஆராயும் இக்கட்டுரை, இரு கருத்துகளை முன்வைக்கின்றது. முதலாவது, புதிய கடல்நீர் எளிதில் கிடைக்காத இடங்களிலேயே பாசிவழித் தூய்மை தேவையாக உணரப்பட்டது. இரண்டாவது, பாசியை வளர்ப்பது என்ற நிலையிலிருந்து பாசியை அறுத்து வெளியேற்றுவது என்ற நிலைக்குச் சிந்தனை நகர்ந்தபோதே அது ‘வடிகட்டி’ ஆயிற்று. இவ்விரு கருத்துகளின் அடிப்படையில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய பகுதிகளுக்கு இம்முறை எவ்வகையில் பொருந்துகின்றது என்பதும் ஆராயப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: கடற்பாசி, புகலிடத் தொட்டி, நைட்ரேட், அறுவடை, சென்னைக் கடல்வாழ் உயிரினக் காட்சியகம், கொளத்தூர், அம்பத்தூர்.

முன்னுரை

தமிழகத்தில் கடற்பாசி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இராமநாதபுரம், தூத்துக்குடி ஆகிய கடலோர மாவட்டங்களையே களமாகக் கொண்டுள்ளன. பாசி எடுக்கும் பெண்களின் வாழ்வியல், அகார் தொழில், பாசி வளர்ப்பு ஆகியன அவ்வாய்வுகளின் பொருள்களாக அமைகின்றன. கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 25 கி.மீ. உள்ளே அமைந்த சென்னையின் மேற்குப் புறநகருக்கும் கடற்பாசிக்கும் தொடர்பு உண்டு என்பது முதல் நோக்கில் வியப்பளிக்கலாம். ஆனால் வண்ணமீன் வணிகத்தின் வழியாக அத்தொடர்பு ஏற்பட்டுள்ளது. நன்னீர் மீன்களால் புகழ்பெற்ற கொளத்தூரை ஒட்டிய இப்பகுதிகளின் வீடுகளிலும் கடைகளிலும் கடல்நீர்த் தொட்டிகள் இடம்பெறத் தொடங்கியபோது, கடலில்லாத இடத்தில் கடல்நீரைக் கெடாமல் காப்பது எப்படி என்ற பழைய வினா இங்கும் எழுந்தது. அவ்வினாவின் வரலாற்றைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

தமிழில் ‘பாசி’ என்னும் சொல் நன்னீர்ப் படலத்தையும் கடலடித் தாவரத்தையும் ஒருங்கே சுட்டுகின்றது. குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர், தலைவியின் பசலைக்கு ஊரார் நீருண்ணும் கேணியின் பாசியை உவமையாக்குகின்றார். கை பட்ட இடத்தில் விலகி, கை எடுத்ததும் மீண்டும் மூடிக்கொள்ளும் பாசியின் இயல்பே அவ்வுவமையின் உயிர். அகற்றினால் நீங்கும், விட்டால் பரவும் என்ற இந்த நோக்கு, பின்னர் விளக்கப்படவிருக்கும் அறிவியல் செய்திக்கு மிக அணுக்கமானது என்பதால் இங்குக் குறிக்கப்படுகின்றது. மன்னார் வளைகுடாக் கடலோர மக்களிடையே பாசிவகைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் வழங்குகின்றன. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்பன அவற்றுள் சில.

ரெஃபியூஜியம் என்பது ‘புகலிடம்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும். மீன்களின் வாய்க்கு அகப்படாமல் சிற்றுயிர்கள் பெருகுவதற்கான இடம் என்பதே அதன் முதற்பொருள். அவ்விடத்தில் பாசியும் வளர்க்கப்பட்டமையால், காலப்போக்கில் ஊட்டப்பொருளை உறிஞ்சும் தொட்டி என்ற பொருள் மேலோங்கிற்று. இக்கட்டுரையில் இது ‘புகலிடத் தொட்டி’ எனச் சுட்டப்படுகின்றது. முதன்மைத் தொட்டியின் நீர் வழிந்து இதனுள் வந்து, பாசியினூடே மெல்லச் சென்று, சிறு பம்பினால் மீண்டும் மேலேற்றப்படுகின்றது. பாசிக்கென ஒரு விளக்கு தனியே எரிகின்றது.

சமநிலை என்னும் கருத்து: இலண்டன், 1846–1854

தாவரம் காற்றைத் திருத்துகின்றது என்பதைப் பிரீஸ்ட்லி 1770களின் தொடக்கத்திலும், அதற்கு ஒளி தேவை என்பதை இங்கன்ஹவுஸ் 1779இலும் வெளிப்படுத்தினர். இவ்வறிவை நீர்த்தொட்டிக்குக் கொண்டுவந்தவர்கள் இலண்டன் நகரத்தினர். அன்னா தைன் என்னும் பெண்மணி 1846இல் டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிரிகளைக் கொண்டுவந்து இலண்டனில் வளர்த்தார். நீருக்குக் காற்றூட்ட, அதனைக் கலத்திலிருந்து கலத்திற்கு மாற்றி ஊற்றும் பணி அவர் வீட்டில் நாள்தோறும் நடைபெற்றது. பின்னர்க் கடற்பாசியையும் அவர் உடன்சேர்த்தார்.

வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் 1849இல் தொடங்கி 1850இல் வெளியிட்ட சோதனை இத்துறையின் அடிக்கல்லாகக் கருதப்படுகின்றது. பொன்மீன், வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரம், குளத்து நத்தை ஆகிய மூன்றையும் ஒரே கலத்தில் வைத்து, நீரை மாற்றாமலேயே உயிர்கள் வாழ்வதை அவர் காட்டினார். அடுத்து அவர் கடல்நீருக்குச் சென்றபோது, பழுப்பு, சிவப்புப் பாசிகளைவிட அல்வா போன்ற பச்சைப் பாசிகளே தொட்டிக்கு ஏற்றவை எனக் கண்டார். ஆவியாகிக் குறையும் அளவுக்கு நன்னீரைச் சேர்த்து, ஒரே கடல்நீரை நெடுங்காலம் பயன்படுத்தவும் அவரால் இயன்றது. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சியகத்தில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘தி அக்வேரியம்’ என்னும் நூல் வெளிவந்தது. உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் ஆக்கும் வழியையும் காஸ் வெளியிட்டார்.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கன. இம்முயற்சிகள் அனைத்தும் கடலோரச் சிற்றூர்களில் அன்றி, கடல்நீரைக் கலங்களில் ஏற்றிவர வேண்டியிருந்த பெருநகரில் நிகழ்ந்தன. கடல்நீரின் அருமையே அதனை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழியைத் தேடத் தூண்டிற்று. மற்றொன்று, அக்கால அறிஞர்கள் பாசியின் பணியாகக் கண்டது காற்றுப் பரிமாற்றம் மட்டுமே. மீன் வெளியிடும் கரியமிலக் காற்றைப் பாசி ஏற்று, உயிர்க்காற்றை அளிக்கின்றது என்பதே அவர்கள் கூறிய ‘சமநிலை’. நைட்ரஜன் கழிவைப் பாசி தன் உடலில் சேர்த்துக்கொள்கின்றது என்ற நோக்கு அதில் இடம்பெறவில்லை. எனவே அன்றைய பாசி காற்றூட்டி எனலாம். வடிகட்டி எனக் கூற இயலாது.

இருட்டும் ஓட்டமும்

வாரிங்டனின் சமநிலை சிறு கலங்களில் இயன்றதேயன்றிப் பெரிய காட்சியகங்களுக்கு ஏற்றதாக இல்லை. வில்லியம் ஆல்ஃபர்டு லாய்டு என்பவர் இதற்கு வேறொரு தீர்வைக் கண்டார். காட்சித் தொட்டிகளுக்குக் கீழே அவற்றைவிடப் பெரிய இருண்ட நீர்த்தேக்கத்தை அமைத்து, நீரை இடையறாது சுழலச் செய்வதே அவரது முறை. 1864இல் ஹாம்பர்க்கிலும் 1871இல் இலண்டன் கிரிஸ்டல் பேலசிலும் இம்முறை நிறைவேற்றப்பட்டது. ஆண்டன் டோர்ன் 1872இல் நிறுவிய நேப்பிள்ஸ் கடல் உயிரியல் நிலையத்தின் காட்சியகமும் இவ்வழியையே பின்பற்றிற்று. ஒளியில் வளரும் பாசியின் இடத்தை இருட்டும் ஓட்டமும் பெற்றன. கண்ணாடியில் படரும் பாசி, துடைத்தெறிய வேண்டிய அழுக்காக மாறியது.

மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியங்களை வினோகிராட்ஸ்கி 1890இல் தனிப்படுத்தினார். இக்கண்டுபிடிப்பு, பிற்காலத்தில் மணலும் சரளையும் கொண்ட உயிரியல் வடிகட்டிகளுக்கு விளக்கம் தந்தது. மீனைக் கொல்லும் அம்மோனியா, நஞ்சு குறைந்த நைட்ரேட்டாக இவ்வடிகட்டியில் மாறுகின்றது. ஆனால் நைட்ரஜன் நீரைவிட்டு வெளியேறுவதில்லை. உருவம் மாறி அங்கேயே தங்குகின்றது. நைட்ரேட் நாளுக்கு நாள் திரள, நீரின் ஒரு பகுதியைக் கொட்டிவிட்டுப் புதுநீர் சேர்ப்பதே வழியாயிற்று. கடலருகே உள்ளோர்க்கு இது எளிது. உள்நாட்டினர்க்குச் செலவு மிக்கது.

மெரினாவில் இரு நிறுவனங்கள்

இந்தியாவின் முதல் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் 1909இல் சென்னை மெரினாவில் திறக்கப்பட்டது. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன் இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினார். முதலில் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த இது, 1919இல் மீன்வளத் துறைக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், குண்டுவீச்சு அச்சத்தால் மூடப்பட்டது.

அதே கடற்கரைச் சாலையில் அமைந்த சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் மற்றொரு மரபு வளர்ந்தது. இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) அங்குப் பணியாற்றினார். குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றிய அவரது கட்டுரை 1927இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் இடம்பெற்றது. அவர் விவரித்த ஃப்ரிட்சியெல்லா என்னும் பாசி உலகப் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’ என்னும் நூல் நீலப்பச்சைப் பாசிகளுக்கான அடிப்படை நூலாக இன்றும் கருதப்படுகின்றது.

உலகத் தரத்திலான பாசி அறிவும் நாட்டின் முதல் கடல்நீர்க் காட்சியகமும் ஒரே கடற்கரையில் ஒரே காலத்தில் இருந்தன. ஆயினும் பாசியைத் தொட்டியின் தூய்மைக்குப் பயன்படுத்தும் முறை சென்னையில் உருவாகவில்லை. இதனை அறிவுக் குறைபாடாகக் கொள்வது பொருந்தாது. வங்கக் கடல் சில நூறு அடிகளில் இருந்தபோது, பழைய நீரைப் பாசியைக் கொண்டு மீட்டெடுக்க வேண்டிய தேவை எழ வாய்ப்பில்லை. ஐயங்காரின் ஆய்வகமும் வகைப்பாடு, வாழ்க்கைச் சுழற்சி ஆகியவற்றையே தன் வினாக்களாகக் கொண்டிருந்தது. கடல்நீர் அரிதாக இருந்த இலண்டனில் எழுந்த வினா, கடல் அருகிருந்த மெரினாவில் எழாதது இக்கட்டுரையின் முதற்கருத்துக்கு அரண் செய்கின்றது.

அறுவடை என்னும் திருப்பம்

பாசி வடிகட்டியாகக் கருதப்பட்டது மீன்தொட்டியில் தொடங்கவில்லை. கழிவுநீர்க் குளத்தில் தொடங்கியது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் ஆஸ்வால்டும் அவருடன் பணியாற்றியோரும் 1950களில், ஆழம் குறைந்த குளங்களில் நுண்பாசியை வளர்த்து நகரக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் வழியை ஆராய்ந்தனர். உட்ஸ் ஹோலைச் சேர்ந்த ஜான் ரைதரும் குழுவினரும் 1970களில் இதனைக் கடல்நீருக்கு விரித்து, கழிவின் ஊட்டத்தைப் பாசியாகவும் சிப்பியாகவும் மாற்றும் சோதனைகளை மேற்கொண்டனர். கழிவின் ஊட்டம் இவர்களுக்கு அறுவடைக்குரிய பொருளாகத் தோன்றியது.

இவ்வணுகுமுறையை மீன்தொட்டிக்குக் கொண்டுவந்தவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி ஆவார். கரீபியக் கடலின் பவளத்திட்டுகளை ஆராய்ந்த அவர், அலை மோதும் மேற்பரப்பில் புல்தரை போல் படரும் சிறு பாசிகள் மிக விரைவாக வளர்வதைக் கண்டார். மெல்லிய வலைத்திரையின் மீது நீரை அலையலையாகப் பாய்ச்சி, வலிய ஒளியில் அப்பாசிகளை வளர்த்து, குறித்த நாள்களுக்கு ஒருமுறை திரையைச் சுரண்டி எடுக்கும் கருவியை அவர் அமைத்தார். அதற்கு 1982இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. கேரன் லவ்லேண்டுடன் இணைந்து அவர் எழுதிய ‘டைனமிக் அக்வேரியா’ (1991) என்னும் நூல் இம்முறையையும் புகலிடத் தொட்டியையும் பரவலாக அறியச் செய்தது. தொட்டியில் இருள் சூழும் இரவில் பாசிக்கு ஒளியூட்டினால், நீரின் கார அமிலத் தன்மை பகலிரவு ஏறி இறங்காமல் நிலைபெறும் என்பதும் இவ்வழியில் பரவிய செய்தியாகும்.

பாசி உயிரோடு இருக்கும்வரை நைட்ரஜனும் பாஸ்பரசும் அதன் உடலில் தேங்கியிருக்கின்றன. அது அழுகினால் அவை மீண்டும் நீரில் கலந்துவிடும். அறுத்து வெளியே எடுக்கும்போதுதான் அவை தொட்டியைவிட்டு நீங்குகின்றன. வாரிங்டனின் தொட்டிக்கும் ஏடியின் தொட்டிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பரணரின் கேணியில் நீருண்ண வந்தோரின் கை செய்த பணியைத் தொட்டியில் அறுப்பவரின் கை செய்கின்றது.

எவ்வளவு நீங்குகின்றது என்பதை ஒரு தோராயக் கணக்கால் விளக்கலாம். ஈரமான கடற்பாசியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உலர்பொருள். அவ்வுலர்பொருளில் 2.5 விழுக்காடு நைட்ரஜன் எனக் கொண்டால், 1 கிலோ ஈரப்பாசியை அறுக்கும்போது 2.5 கிராம் நைட்ரஜன் வெளியேறுகின்றது. இது ஏறத்தாழ 11 கிராம் நைட்ரேட்டுக்குச் சமம். லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள 300 லிட்டர் தொட்டியில் மொத்தம் இருப்பதே 12 கிராம்தான். அதே தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 1.2 கிராம் மட்டுமே நீங்கும். அளவு குறையாத நிலையைக் கருதினால்கூட, 1 கிலோ பாசி அறுவடை ஏறத்தாழ 9 முறை நீர் மாற்றுவதற்கு ஈடாகின்றது.

பாஸ்பேட்டில் நிலை சற்று வேறுபடும். அட்கின்சன், ஸ்மித் ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடலடிப் பாசிகளில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய அணுக்களின் நடுவிகித அளவு 550:30:1. அதாவது 30 பங்கு நைட்ரஜனுக்கு 1 பங்கு பாஸ்பரசையே பாசி எடுத்துக்கொள்கின்றது. தொட்டியில் நைட்ரேட் முற்றும் தீர்ந்துவிட்டால், பாஸ்பேட் மிகுந்திருந்தாலும் பாசியின் வளர்ச்சி நின்றுவிடும். மீன் உணவின் அளவை அறியாமல் பாசியை மட்டும் நம்புவது பயன்தராது என்பது இதனால் விளங்கும்.

மாற்றுவழிகளும் மறுப்புகளும்

உள்நாட்டு நகரங்கள் அனைத்தும் பாசியையே நாடின எனக் கூற இயலாது. பெர்லின் நகரத்து ஆர்வலர்கள், பவளப்பாறைத் துண்டுகளையும் நுரை பிரிக்கும் கருவியையும் கொண்டு வேறொரு முறையை உருவாக்கினர். அது ‘பெர்லின் முறை’ எனப் பெயர்பெற்றது. பாறையின் உட்துளைகளில் வாழும் பாக்டீரியங்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வளியாக்கி வெளியேற்றுகின்றன. இதற்கு முன்னரே, 1961இல், இந்தோனேசியாவின் லீ சின் எங் உயிர்ப்பாறைகளைக் கொண்ட இயற்கை முறையை எழுத்தில் வெளியிட்டிருந்தார். அவர் வாழ்ந்த ஜகார்த்தாவோ கடலோர நகரம். மறுபுறம், 1987இல் திறக்கப்பட்ட ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் பவளத்திட்டுக் காட்சியகம் கடலோரத்தில் அமைந்தும் ஏடியின் பாசித்திரைகளை ஏற்றது. அக்காட்சியகம் நீரை உள்ளேயே சுழலவிடும் மூடிய அமைப்பாகத் திட்டமிடப்பட்டதே அதற்குக் காரணம். ஆகவே கடலிலிருந்து உள்ள தொலைவைக் காட்டிலும், புதிய நீர் தொட்டிக்குக் கிடைக்கின்றதா என்பதே உண்மையான அளவுகோல் எனத் திருத்திக் கொள்ளுதல் தகும்.

எந்தப் பாசியை வளர்ப்பது என்பதிலும் மாற்றம் நிகழ்ந்தது. தொடக்கத்தில் காலெர்ப்பா விரும்பப்பட்டது. பார்வைக்கு இலையும் தண்டுமாகத் தோன்றினாலும் அது பல உட்கருக்கள் கொண்ட ஒரே செல். இனப்பெருக்கத்தின்போது அதன் உட்பொருள் முழுவதும் ஒரே நேரத்தில் நீரில் வெளியேறி, செல் இறந்துவிடும். அதுவரை உறிஞ்சிய ஊட்டம் யாவும் ஓர் இரவில் தொட்டிக்குத் திரும்பிவிடும். இதனினும் பெரிய தீங்கு கடலில் நேர்ந்தது. காலெர்ப்பா டாக்சிஃபோலியா 1984இல் மொனாக்கோவில் கடல்சார் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடற்பகுதியில் காணப்பட்டு, பின்னர் நடுநிலக் கடலின் பல கரைகளில் பரவியது. 2000இல் கலிபோர்னியாவிலும் அது கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு அம்மாநிலம் காலெர்ப்பாவின் ஒன்பது இனங்களை விற்கவும் வைத்திருக்கவும் தடை விதித்தது. இதன்பின் நூல்கண்டு போல் சுருண்டு வளர்வதும் அறுப்பதற்கு எளியதுமான கீட்டோமார்ஃபா அதன் இடத்தைப் பெற்றது.

தமிழகத்தின் இணைமுயற்சிகள்

மத்தியக் கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் சென்னையில் தொடங்கப்பட்டு 1949இல் மண்டபத்திற்கு மாறியது. 1971இல் அதன் தலைமையிடம் கொச்சிக்குச் சென்ற பின்னரும் மண்டபம் பாசி ஆய்வின் நடுவமாகத் தொடர்ந்தது. அந்நிறுவனம் பாக் நீரிணைப் பகுதியின் முனைக்காட்டில் மேற்கொண்ட ஒருங்கிணைந்த வளர்ப்பில், கடல்விரால் கூண்டைச் சுற்றி மூங்கில் மிதவைகளில் கப்பாபைக்கஸ் பாசி வளர்க்கப்படுகின்றது. ஒரு கூண்டுக்கு 16 மிதவைகள்; ஒவ்வொன்றும் 12 அடி நீள அகலமுடையது; ஒவ்வொன்றிலும் 60 கிலோ விதைப்பாசி கட்டப்படுகின்றது; 45 நாள்களில் அறுவடை. மீனின் கழிவைப் பாசி உண்ண, பாசியை மனிதர் அறுத்து விற்கின்றனர். அளவில் பெரிதெனினும் கொள்கையில் இது புகலிடத் தொட்டியே.

நுண்பாசி வழியிலும் தமிழகத்திற்கு முன்னோடி இடம் உண்டு. கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் இராணிப்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றில், 2006இல் பாசிவழிக் கழிவுநீர்த் தூய்மை நிலையம் நிறுவப்பட்டது. சென்னை விவேகானந்தா கல்லூரியைச் சேர்ந்த வி. சிவசுப்பிரமணியன் இதற்கு வழிகாட்டினார். கடற்பாசித் தொழிலின் கழிவை நுண்பாசி தூய்மை செய்தது என்பது கருதத்தக்கது.

மொனாக்கோவின் எச்சரிக்கையும் தமிழகக் கடலில் ஒலித்தது. அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாபைக்கஸ், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குட்பட்ட குருசடைத் தீவின் பவளங்கள் மீது படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். 1927இல் ஐயங்கார் பாசிகளைப் பதிவுசெய்த அதே தீவு, எண்பது ஆண்டுகளுக்குப் பின் அயற்பாசியின் பரவலுக்குச் சான்றாயிற்று.

மேற்குப் புறநகரின் நிலை

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் உருவானது. ஆவடி, படைக்கலத் தொழிற்சாலைகளைச் சூழ்ந்து வளர்ந்த நகரம். பூவிருந்தவல்லியின் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி பரந்துள்ளது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி என நன்னீர் நிலைகளால் ஆனது இந்நிலப்பரப்பு. தொழிற்கழிவும் வீட்டுக் கழிவும் கலந்ததால் கொரட்டூர் ஏரி பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஊட்டப்பொருள் மிகுந்து ஏரியில் ஆகாயத்தாமரை மூடுவதும், தொட்டியில் நைட்ரேட் திரள்வதும் வேதியியல் நோக்கில் ஒரே நிகழ்வின் இரு அளவுகளே.

அம்பத்தூருக்குக் கிழக்கே அமைந்த கொளத்தூர், வீட்டு முற்றங்களிலும் மொட்டை மாடிகளிலும் வண்ணமீன் வளர்த்து விற்போரால் நாடறிந்த வணிகக் களமாயிற்று. இவ்வணிகம் பெரிதும் நன்னீர் மீன்களைச் சார்ந்தது. கடல்மீன்களில், பரங்கிப்பேட்டை, மண்டபம் ஆகிய இடங்களின் ஆய்வு மையங்கள் கோமாளி மீன்களைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியமை, கடலிலிருந்து பிடிக்காத மீன்களைத் தொட்டியில் வைக்க வழிவகுத்தது.

இப்பகுதியில் கடல்நீர்த் தொட்டி வைப்போர்க்குச் சட்டமும் நிலமும் சேர்ந்து சில எல்லைகளை வகுக்கின்றன. 2001இல் கற்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பவளப்பாறைத் துண்டுகளை எடுப்பதும் விற்பதும் குற்றமாயின. எனவே இயற்கைப் பவளப்பாறையை அடிப்படையாகக் கொண்ட பெர்லின் முறை இந்தியாவில் அதன் முழுவடிவில் இயலாது. செயற்கைப் பீங்கான் கற்கள், நுரை பிரிக்கும் கருவி, நீர்மாற்றம், பாசி ஆகியனவே எஞ்சும் வழிகள்.

இவற்றுள் நீர்மாற்றத்தின் மறுபக்கம் பெரும்பாலும் கருதப்படுவதில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. 300 லிட்டர் தொட்டியில் பத்தில் ஒரு பங்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் 1 கிலோவுக்குச் சற்று மிகையான உப்பு வடிகாலில் சேர்கின்றது. முன்னர்க் கண்ட கணக்கின்படி, 1 கிலோ பாசி செய்யும் பணியை நீர்மாற்றத்தால் செய்தால் 9 கிலோவுக்கு மேற்பட்ட உப்பு வெளியேறும். மெரினாவில் அது கடலுக்கே திரும்பிவிடும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் அது நன்னீர் ஏரிகளையும் கூவத்தையும் நோக்கிய வடிகால்களிலோ, கிணற்றடி மண்ணிலோ சேர்கின்றது. தொழிற்கழிவோடு ஒப்பிட ஒரு வீட்டுத் தொட்டியின் உப்பு மிகச் சிறிது என்பது உண்மை. ஆயினும் கடல்மீன் வணிகம் விரிவடையும்போது, கடை தோறும் வரிசையாக அமையும் தொட்டிகளுக்கு இக்கணக்கைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். கொளத்தூர், வில்லிவாக்கம் பகுதிக்கென வண்ணமீன் வர்த்தக மையத்தை அரசு திட்டமிட்ட காலத்தில் இவ்வினா இன்றியமையாததாகின்றது.

பாசிவழிக்கும் இங்குத் தடைகள் உண்டு. சென்னைக் கோடையில் விளக்கின் வெப்பம் தொட்டியின் நீரைச் சூடாக்கும். ஆவியாகும் நீருக்கு ஈடாகக் கிணற்றுநீரைச் சேர்த்தால் அதிலுள்ள நைட்ரேட்டும் கலந்து, அகற்றியது மீண்டும் உட்புகும். அறுத்த பாசியை எங்கே போடுவது என்பதும் முறைப்படுத்தப்பட வேண்டும். உயிருள்ள பாசியை நீர்நிலையிலோ கடற்கரையிலோ விடுவது குருசடைத் தீவின் நிகழ்வைச் சிறிய அளவில் மீண்டும் நிகழ்த்துவதாகும். உப்பு நீங்க அலசி, வெயிலில் உலர்த்தி, உரக்குழியில் இடுவதே ஏற்ற வழி. கடற்பாசியைத் தென்னைக்கு உரமாக இடும் கடலோர வழக்கம் இதற்கு முன்மாதிரியாக உள்ளது. விதைப்பாசியைத் தேசியப் பூங்காத் தீவுகளிலிருந்து எடுக்காமல், வளர்ப்பவரிடமிருந்தே பெறுவதும் கடைப்பிடிக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

பாசிவழித் தூய்மை, புதிய கடல்நீர் எளிதில் கிட்டாத அல்லது மூடிய சுழற்சியைத் தேர்ந்த இடங்களிலேயே வளர்ந்தது. இலண்டனும் வாஷிங்டனும் டவுன்ஸ்விலும் இதற்குச் சான்றுகள். மெரினாவில் அது தோன்றாமைக்கும் இதுவே விளக்கம்.

1850களின் ‘சமநிலை’ காற்றைப் பற்றியது. 1980களின் வடிகட்டி ஊட்டப்பொருளைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் வரலாறுகள் அறுவடை என்னும் இன்றியமையாக் கூறைத் தவறவிடுகின்றன.

பாசி அறிவிலும் பாசி அறுவடையிலும் தமிழகம் நெடுமரபு உடையது. ஐயங்காரின் ஆய்வகம், மண்டபத்தின் மிதவைகள், இராணிப்பேட்டை நிலையம், இராமநாதபுரத்துப் பெண்களின் பாசி அறிவு ஆகியன அம்மரபின் கூறுகள். வண்ணமீன் வணிகம் இவற்றோடு இன்னும் போதிய அளவில் இணையவில்லை.

சென்னையின் மேற்குப் புறநகரில் கடல்நீர்த் தொட்டியின் கழிவு கடலுக்குச் செல்வதில்லை. ஏரிகள் சூழ்ந்த அந்நிலத்தில், உப்புநீரைக் கொட்டுவதைக் காட்டிலும் ஒரு பிடி பாசியை அறுத்து உலர்த்துவது பொருத்தமான வழி. கடல்மீன் வணிகத்திற்கான நெறிமுறைகள் வகுக்கப்படும்போது, தொட்டிகளின் எண்ணிக்கை, நீர்மாற்றும் அளவு, வடிகால் சேருமிடம் ஆகியவற்றைக் களஆய்வின்வழித் தொகுப்பது இதன் அடுத்த கட்ட ஆய்வாக அமையும்.